உறுமன் வாங்கிய சத்தச் சான்று

ஒரு காட்டின் ஓரத்தில் கோரையும் நாணலும் அடர்ந்த குளம் ஒன்று இருந்தது. கிழக்குக் கரையில் ஒரு காய்ந்த மூங்கிலுக்குள் துளை போட்டு, உறுமன் என்ற கருவண்டு குடியிருந்தது. மேற்குக் கரையில் எருக்கஞ்செடிகள் பூத்துக் கிடந்தன. உறுமனுக்கு எருக்கம்பூத் தேன் என்றால் உயிர்.

வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் குளம். குளத்தின் நடுவில் நீராழியின் கூடு.

நீராழி ஒரு முக்குளிப்பான் பறவை. பாசியையும் அழுகிய தண்டுகளையும் குவித்து மிதக்கும் கூடு கட்டி, அதில் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. முக்குளிப்பான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆபத்து என்று பட்டால் முட்டைகளின்மேல் பாசியை இழுத்து மூடிவிட்டு, சத்தமில்லாமல் தண்ணீரில் மூழ்கிவிடும். ஆபத்து போனதும் வந்து பாசியை விலக்கி மறுபடி உட்காரும்.

ஆபத்து வருவதைச் சொல்ல அதற்குக் காது ஒன்றுதான் துணை. பூனைப்பருந்து நாணலுக்கு மேலே தாழப் பறந்து வந்தால், அதன் இறகு காற்றைக் கிழிக்கும் ஓசை மெல்லக் கேட்கும். போன மாதம் அந்த ஓசையைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்டதில்தான் நீராழியின் ஜோடி போயிற்று.

உறுமன் மேலே பறந்தால் அந்த மெல்லிய ஓசை எங்கே கேட்கும்? கொர்ர்ர்ரும் என்று குளமே அதிரும். பருந்து வருகிறதா இல்லையா என்று தெரியாது. தெரியாவிட்டால் மூட வேண்டும், மூழ்க வேண்டும். அதுவரை முட்டைகள் குளிரும். தை மாதம் வேறு.

இந்தத் தொல்லை நீராழிக்கு மட்டும் இல்லை. போன வருஷமே குளத்துப் பறவைகள் எல்லாம் கூடிக் கூச்சல் போட்டன. சத்தத்தைக் குறைக்கச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவைப்பட்டது. கடைசியில் ஒரு விதி பிறந்தது. குளத்துக்கு மேலே பறக்கிற பூச்சிகள் எல்லாம் சத்தச் சான்று வாங்கியாக வேண்டும். சான்று இல்லாதவர்கள் கரையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

சான்று கொடுக்கும் அதிகாரியாக மெத்தனார் என்ற நத்தையைப் போட்டார்கள். நத்தைக்குக் காது கிடையாது. "காது இல்லாதவர் என்றால் பாரபட்சம் இருக்காது" என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவருடைய ஓட்டின்மேல் வாயை வைத்துப் பேச வேண்டும். அந்த அதிர்வைக் கொண்டு அவர் புரிந்துகொள்வார்.

காது இல்லாமல் சத்தத்தை எப்படி அளப்பது? அதற்கும் வழி செய்தார்கள். குளத்தின் வடக்கு மூலையில், இரண்டு நாணல்களுக்கு நடுவே, இழையாள் என்ற சிலந்தி தினமும் வலை கட்டும். காலையில் வலை முழுக்கப் பனித்துளி நிற்கும். பூச்சி அந்த வலைக்கு மேலே நாணல்பூ உயரத்தில் பறக்க வேண்டும். அதன் சத்தத்தில் வலை அதிர்ந்து, துளிகள் கீழே தாமரை இலையில் உருளும். மெத்தனார் கொம்பால் தொட்டுத் தொட்டு அவற்றை எண்ணுவார்.

வலையை ஏன் வடக்கு மூலையில் வைத்தார்கள், கூடுகளெல்லாம் நடுக்குளத்தில் அல்லவா இருக்கின்றன என்று கேட்பீர்கள். மெத்தனாரின் வீடு வடக்கு மூலையில் இருந்தது. வேறு காரணம் இல்லை.

இன்னும் ஒரு சலுகையும் இருந்தது. பெரிய உடம்புக்குப் பெரிய சத்தம் வரத்தான் செய்யும், அதற்காகத் தண்டிக்க முடியுமா? அதனால் எத்தனை குன்றிமணி எடையோ, அத்தனை துளி விழலாம் என்று வைத்தார்கள். ஒரு குச்சியின் குறுக்கே காய்ந்த நெற்றைப் போட்டு, ஒரு பக்கம் பூச்சி, மறுபக்கம் குன்றிமணி. அதுதான் தராசு.

தும்பி வந்தது. ஒரு துளியும் விழவில்லை. தேனீ வந்தது. ஒரே ஒரு துளி விழுந்தது. அதற்கு அது இரண்டு நாள் வெட்கப்பட்டது. பிறகு உறுமன் வந்தது.

"எடை எட்டு குன்றிமணி" என்றார் மெத்தனார். "பறந்து காட்டு!"

உறுமன் பறந்தது. மெத்தனார் எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு... ஒன்பது, பத்து, பதினொண்ணு. மூணு துளி அதிகம். சான்று கிடையாது!"

"ஐயா, கொஞ்சம் பார்த்து எண்ணுங்க!"

"நான் பார்க்கிறதே இல்லை, தொட்டுத்தான் எண்ணுறேன். கரையைச் சுற்றிப் போ!"

கரையைச் சுற்றிப் போனால் மூன்று மடங்கு தூரம். மெதுவாக இறக்கையடித்துப் பழகினால் துளி குறையும் என்று தும்பி யோசனை சொன்னது. உறுமனுக்கு அது பிடிக்கவில்லை. மெதுவாகப் பறப்பது கிழவண்டுகளின் வேலை என்று அது நினைத்தது. சத்தத்தைக் குறைக்க முடியாது, ஆனால் எடையைக் கூட்டலாமே என்று அதன் மூளை வேறு பக்கம் ஓடிற்று.

நாலு நாள் கழித்து உறுமன் குளத்துக் கரையில் கருஞ்சேற்றில் நன்றாகப் புரண்டது. வயிற்றில் அப்பிக்கொண்டது, கால் இடுக்கில் அப்பிக்கொண்டது. கரிய உடம்பில் கரிய சேறு. யார் கண்ணுக்குத் தெரியும்? அதிலும் அதிகாரி தொட்டுப் பார்ப்பது துளியைத்தான், வண்டை அல்ல.

"பன்னிரண்டு குன்றிமணி!" என்று மெத்தனார் வியந்தார். "போன தடவை எட்டுதானே?"

உறுமன் ஓட்டில் வாயை வைத்துப் பவ்யமாகச் சொன்னது. "நல்லா சாப்பிட்டேன் ஐயா. உடம்பு தேறிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம். பறந்து காட்டு!"

"தொண்டை காயுது ஐயா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

உறுமன் தண்ணீருக்குப் போயிற்று. குடிக்கவில்லை, குளித்தது. சேறெல்லாம் கரைந்து போயிற்று. பிறகு வந்து வலைக்கு மேலே பறந்தது. அதே பதினொரு துளிகள்தான் விழுந்தன.

"பன்னிரண்டுக்குப் பதினொண்ணு. வெற்றி!" என்று சொல்லி மெத்தனார் ஓர் இலைத் துண்டின்மேல் மெல்ல ஊர்ந்தார். அவர் ஊர்ந்த தடம் வெள்ளியாக மின்னியது. "உறுமன். எடை பன்னிரண்டு. துளி பதினொன்று" என்று அதில் எழுதியிருந்தது.

சான்று வாங்குவதற்கு முன்னால் உறுமன் பயந்து பயந்து ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் குறுக்கே பறந்தது. யாராவது சத்தம் போட்டால் விலகியும் போயிற்று. இப்போது இலைத் துண்டை நெஞ்சில் பிசின் போட்டு ஒட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு முப்பது தடவை பறந்தது. பசி இல்லாவிட்டாலும் பறந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போப்பா!" என்று நீராழி கூட்டிலிருந்து கெஞ்சியது. "முட்டை பொரியற நேரம்!"

"எனக்குச் சான்று இருக்கு!" என்றது உறுமன்.

"நான் சான்றைக் கேக்கலையே! சத்தத்தைத்தானே சொல்றேன்!"

"சத்தம் சரியா இருக்குன்னுதான் சான்று கொடுத்திருக்காங்க. உனக்குக் கேக்குதுன்னா உன் காதுலதான் ஏதோ கோளாறு!"

அன்று நீராழி முட்டைகளை முப்பது தடவை மூடியது, முப்பது தடவை மூழ்கியது. மறுநாளும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து உட்காரும்போது முட்டைகள் முன்னைவிடக் குளிர்ந்திருந்தன. மூடாமல் உட்கார்ந்தே இருந்தால் என்ன என்று ஒரு தடவை நினைத்தது. ஜோடியின் நினைவு வந்தது. மூடிவிட்டு மூழ்கியது.

பொரிக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. நீராழிக்குப் பயம் வந்துவிட்டது. முட்டைகளைத் தடிமனாக மூடிவிட்டு, தண்ணீருக்குள்ளேயே விரைந்து நீந்தி வடக்கு மூலைக்குப் போயிற்று. மெத்தனாரின் ஓட்டில் அலகை வைத்து, "ஐயா, இந்த உறுமனைக் கேளுங்க. என் குஞ்சுங்க செத்துப் போயிடும்!" என்றது.

மெத்தனார் தன்னிடமிருந்த நகல் இலையைக் கொம்பால் தடவினார். "பதினொரு துளி. அனுமதி பன்னிரண்டு. எட்டு குன்றிமணியா இருந்தவன் நாலே நாள்ல பன்னிரண்டா தேறிட்டான். ஒரு துளி மிச்சமே வெச்சிருக்கான். நல்ல பிள்ளை!"

"அது இந்த மூலையில ஐயா. என் கூட்டுல வந்து பாருங்க. என் முதுகுல ஏறிக்கோங்க, நான் கூட்டிட்டுப் போறேன்!"

"கூட்டுல அளக்கச் சொல்லி விதியில இல்லையே அம்மா. வலையில அளக்கணும்னுதான் இருக்கு."

"விதி போட்டதே கூட்டுக்காகத்தானே ஐயா?"

மெத்தனார் வெகுநேரம் யோசித்தார். நத்தையின் வெகுநேரம் என்றால் நிஜமாகவே வெகுநேரம். "இருக்கலாம்" என்றார் கடைசியில். "ஆனா எழுதினது வலைன்னுதான்."

நீராழி கூட்டுக்குக் கிளம்பியது. திரும்பும்போது நாணலில் இழையாள் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

"அக்கா, அவன் எப்படித்தான் தேறினான்? எட்டு குன்றிமணி நாலே நாள்ல பன்னிரண்டு ஆகுமா?"

"ஆகாது" என்றது இழையாள் சாவகாசமாக. "வயித்துல சேறு. எடை போட்டதும் அதோ அந்தப் பக்கம் போய்க் கழுவிட்டு வந்து பறந்தான். தண்ணி கறுப்பா ஓடுச்சு."

"பார்த்தீங்களா? பார்த்துட்டு ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே. என் வேலை வலை கட்டறது."

நீராழிக்கு வந்த கோபத்தில் வலையையே பிய்த்து எறிந்திருக்கலாம். எறியவில்லை. முட்டைகள் குளிர்ந்துகொண்டிருந்தன. வண்டு ஏமாற்றியது என்று சொன்னால் மெத்தனார் நம்புவாரா? அவருடைய கையெழுத்து தப்பு என்று அவரே ஒப்புக்கொள்வாரா? மாட்டார். ஆனால் அவர் எழுத்தைச் சரி என்று சொன்னால் காது கொடுப்பார், காது இல்லாவிட்டாலும்.

நீராழி திரும்பிப் போய் ஓட்டில் அலகை வைத்தது. "ஐயா, ஒரே ஒரு சந்தேகம். சான்றுல எடை என்ன போட்டிருக்கீங்க?"

"பன்னிரண்டு."

"அப்போ அந்தச் சான்று பன்னிரண்டு குன்றிமணி உறுமனுக்குத்தானே?"

"வேற யாருக்கு?"

"அவன் என்னைக்காவது எட்டாப் பறந்தா, அது சான்று இல்லாம பறக்கிற மாதிரிதானே?"

மெத்தனாரின் இரண்டு கொம்பும் நீண்டன. தன் எழுத்தை இவ்வளவு மதிக்கிற ஒருவரை அவர் இதுவரை பார்த்ததில்லை. "சரியாச் சொன்னே அம்மா! நாளைக்கே எடை போட்டுப் பார்த்துடறேன்!"

"எடை போட்ட இடத்துலேயிருந்தே பறக்கச் சொல்லுங்க ஐயா. நடுவுல தண்ணி குடிக்கப் போனா எடை மாறிடும்."

"மாறத்தான் செய்யும்!" என்றார் மெத்தனார் கண்டிப்பாக.

மறுநாள் காலை உறுமனுக்கு அழைப்பு வந்தது. நெஞ்சில் சான்றுடன் மிடுக்காக வந்து தராசில் உட்கார்ந்தது.

"எட்டு" என்றார் மெத்தனார். "நீ யாரு?"

"நான்தான் உறுமன்!"

"உறுமன் பன்னிரண்டு குன்றிமணி. நீ எட்டு. நீ உறுமன் இல்லை."

"நான்தான் ஐயா! கொஞ்சம் இளைச்சிட்டேன்!"

"அப்போ எட்டுக்குப் பறந்து காட்டு. எட்டு துளிக்கு மேல விழுந்தா சான்றைக் கிழிச்சிடுவேன்."

உறுமன் திருதிருவென்று விழித்தது. "நாளைக்கு வரேன் ஐயா. ராத்திரிக்கு நல்லா சாப்பிட்டுத் தேறி வரேன்" என்று சொல்லிவிட்டு நழுவியது.

அப்போதாவது அதற்குப் புத்தி வந்திருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டுக் கரையைச் சுற்றிப் போயிருக்கலாம். மெதுவாகப் பறக்கவும் பழகியிருக்கலாம். ஆனால் நெஞ்சில் ஒட்டிய இலையை எடுக்க மனசு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் சேற்றில் புரண்டது. இந்த முறை பயத்தில் இன்னும் அழுத்தி அப்பியது. இறக்கையின் அடியிலும் சேறு போயிற்று. வருகிற வழியில் வெயில் பட்டு அது இறுகிவிட்டது.

"பன்னிரண்டு. வா உறுமா!" என்றார் மெத்தனார் மகிழ்ச்சியாக. "பற!"

"தொண்டை காயுது ஐயா..."

"தண்ணி குடிச்சா எடை மாறும். இங்கேயிருந்தே பற!"

"ஐயா, ஒரே ஒரு வாய்!"

"பற!"

உறுமன் இறக்கையை விரித்தது. எழும்பவில்லை. இன்னும் வேகமாக அடித்தது. உடம்பு ஒரு சாண் எழுந்தது. முழு மூச்சையும் கூட்டி அடித்தபோது, அந்தக் குளம் அதுவரை கேட்டிராத சத்தம் ஒன்று வந்தது. தவளைகள் தண்ணீரில் குதித்தன. வலையில் துளி துளியாக விழவில்லை, இருந்ததெல்லாம் ஒரே தடவையில் கொட்டியது. பிறகு வலையே நடுவில் அறுந்து தொங்கியது.

"இதை நான் எப்படி எண்ணறது?" என்று மெத்தனார் திகைத்தார்.

உறுமன் தாறுமாறாகப் பறந்து நடுக்குளம் வரை போயிற்று. அதற்குமேல் முடியவில்லை. நீராழியின் கூட்டுக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. நெஞ்சில் இருந்த இலைத் துண்டு கழன்று மிதந்து போயிற்று. வெள்ளி எழுத்து தண்ணீரில் கரைந்தது.

உறுமன் மல்லாந்து கிடந்து காலை உதைத்தது. பக்கத்தில் நீராழி தலையை நீட்டியது. முக்குளிப்பான் வண்டு தின்னும் என்று உறுமனுக்குத் தெரியும்.

"என்னைத் தின்னுடாதே!" என்று அலறியது.

"உன்னைத் தின்ன எனக்கு நேரம் இல்லை" என்றது நீராழி. "முட்டை குளிருது." ஒரு கோரைத் தண்டை அலகால் அதன் பக்கம் தள்ளிவிட்டு, முட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டது.

அன்று முதல் உறுமன் கரையைச் சுற்றித்தான் போயிற்று. மூன்று நாள் குளம் அமைதியாக இருந்தது. பூனைப்பருந்து ஒரு தடவை வந்தது. அதன் இறகோசை தூரத்திலேயே நன்றாகக் கேட்டது. நீராழி நிதானமாக மூடிவிட்டு மூழ்கித் திரும்பியது.

நான்காம் நாள் காலை, முதல் முட்டைக்குள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவதில் கேட்டது. பிறகு மூன்றாவதில். உச்சி வெயிலுக்குள் மூன்று குஞ்சுகள் நீராழியின் முதுகில் ஏறிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தின.

நீராழி நான்காவது முட்டையின்மேல் அன்றும் உட்கார்ந்திருந்தது. மறுநாளும் உட்கார்ந்திருந்தது.

செய்தி கேட்டு மெத்தனார் தானாகவே, "என்னைக் கூட்டிட்டுப் போ அம்மா" என்று நீராழிக்குச் சொல்லி அனுப்பினார். நீராழி அவரை முதுகில் ஏற்றிக் கூட்டுக்குக் கொண்டுவந்தது. இத்தனை நாளில் அவர் ஒரு கூட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. முட்டையின்மேல் இரண்டு கொம்பையும் வைத்தார். வழக்கம்போல வெகுநேரம் வைத்திருந்தார்.

"ஒண்ணும் அதிரலையே" என்றார்.

"ஆமா ஐயா" என்றது நீராழி. "அது சத்தமே போடாது. அதுக்கு உங்க சான்று தேவைப்படாது."

மெத்தனார் கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் அழுதாரா என்று தெரியாது. நத்தை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். வடக்கு மூலைக்குத் திரும்பியதும் இழையாளைக் கூப்பிட்டு, "இனிமே வலையை அங்கே கட்டு, நீராழி கூட்டுப் பக்கத்துல" என்றார்.

"சரி" என்றது இழையாள். கொஞ்சம் பொறுத்து, "இனிமே யாரும் கேக்காட்டியும் சொல்றேன்" என்றது.

கரையோரம் பறந்து போன உறுமன் நீராழியின் முதுகை எட்டிப் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது. இன்னொரு தடவை எண்ணியது. "நாலு முட்டை இல்லையா?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமலே போயிற்று. அதன்பிறகு அது மெதுவாகத்தான் இறக்கையடித்தது.

விதியை ஏய்த்து வாங்கிய சான்று ஒரு நாள் ஏய்த்தவனையே கவிழ்த்துவிடும். ஆனால் அந்த நாள் வருவதற்குள், ஒரு குற்றமும் செய்யாதவர் இழந்தது திரும்பி வராது.